ஃபைபர் வயர், கரண்ட் வயர் இல்லை: மலையக வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் போஸ்டிலிருந்து வீட்டுக்குள் ஒரு மெல்லிய கறுப்பு வயர் இறங்கினால், அதையும் இன்னொரு கரண்ட் வயர் என்றே பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். மடக்குகிறார்கள், இழுத்துக் கட்டுகிறார்கள், அறுந்தால் முறுக்கிச் சேர்க்கலாம் என்று நம்புகிறார்கள். அது இன்டர்நெட்டையும் வீட்டுப் போனையும் கொண்டுவரும் ஃபைபர் வயர். உள்ளே இருப்பது செம்பு இல்லை, கண்ணாடி. ஓடுவது கரண்ட் இல்லை, ஒளி. பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால்தான் வருகின்றன.

அந்தக் கண்ணாடி இழையின் குறுக்களவு 125 மைக்ரோன், ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. அதற்கும் நடுவே 9 மைக்ரோன் அளவில் இருக்கும் மையப்பகுதியில்தான் ஒளி பயணிக்கிறது. மையத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கண்ணாடிக்கும் ஒளிமுறிவுத் தன்மையில் சின்ன வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். அதனால் சாய்வாகப் படும் ஒளி வெளியேறாமல் உள்ளுக்குள்ளேயே தெறித்து முன்னே போகிறது.

1966இல் விஞ்ஞானி சார்ள்ஸ் காவோவும் அவருடன் பணியாற்றிய ஹொக்கமும், ஒளியைத் தின்பது கண்ணாடியில் கலந்திருக்கும் அசுத்தம்தான் என்று எடுத்துக்காட்டினார்கள். காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு கிலோமீட்டர் போனபிறகு நூறில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும் என்பதே அன்றைய இலக்கு. 1970இல் கோர்னிங் நிறுவனம் அதைத் தாண்டியது. இன்றைய நல்ல இழையில் நூறில் தொண்ணூற்றைந்து பங்கு மிஞ்சுகிறது. மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கடலடிக் கேபிளும், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சில மருத்துவக் கருவிகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. மண் நகர்வதை முன்கூட்டி அறியச் சரிவுகளில் ஃபைபரைப் புதைக்கும் முறையும் வெளிநாடுகளில் உண்டு. மண்சரிவோடு வாழும் நமக்கு இந்தப் பயன் மிகவும் தேவை என்பது என் எண்ணம்.

இவ்வளவு பாடுபட்டுச் சுத்தமாக்கிய கண்ணாடியில் வரும் ஒளியை, வீட்டுக்குள் கடைசி இரண்டு மீட்டரில் நாம் வீணாக்கிவிடுகிறோம். ஜன்னல் இடுக்கில் வயரை நசுக்குவது, சுவர் மூலையில் கூராக மடித்து ஆணி அடிப்பது, மிச்ச வயரைச் சின்ன வளையமாகச் சுருட்டி ரப்பர் பட்டி போடுவது எல்லாம் இந்த வகைதான். வளைவு கூராகும்போது ஒளி மோதும் கோணம் மாறி வெளியே கசிகிறது. சாதாரண இழையின் வளைவு ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வீட்டுக்கென்றே வரும் புதிய வகைகள் இதைவிட இறுக்கமான வளைவையும் தாங்கும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாவிட்டால், மிச்ச வயரை உள்ளங்கை அகலத்துக்கு வளையமாக்கித் தளர்வாகத் தொங்கவிடுங்கள். வெளியே வரும் வயரில் துணி காயப்போட வேண்டாம். சவுக்குக் கிளை வெட்டும்போதும் அது எங்கே போகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுந்துவிட்டால் டேப் சுற்றிப் பயனில்லை. இரு முனைகளையும் நேராக வெட்டி, மெஷினில் மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். அது வேலையாட்களின் பொறுப்பு. சிதறிய துண்டுகளைப் பிள்ளைகள் தொடவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிச் சிலும்பு தோலுக்குள் ஏறினால் எடுப்பது கஷ்டம். "வெளிச்சம் வருதா?" என்று முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. போன் கேமராவிலும் பொதுவாக அது தெரியாது. தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். ரவுட்டர் பெட்டியில் செருகியிருக்கும் வயரின் பச்சைத் தலையையும் தூசு தட்டவென்று கழற்றாதீர்கள். முனையில் விரல் எண்ணெய் பட்டாலே ஒளி குறையும்.

வேகம் குறைந்தால் உடனே ஃபைபரைத் திட்டுகிறோம். பெட்டியில் 'லொஸ்' (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம். அது எரியாமல் போன் மட்டும் மெதுவாக இருந்தால், முதலில் வைஃபையைச் சந்தேகியுங்கள். பழைய லயன் வீடுகளின் கருங்கற்சுவரை வைஃபை எளிதில் தாண்டாது. அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த பெட்டியை நடு அறைக்குக் கொண்டுவந்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும்.

இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய செம்பு லைன் போனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் அது பேசும். கண்ணாடி கரண்டைக் கொண்டுவராது. மழையில் கரண்ட் போனால் பெட்டி அணையும், அதோடு இணைந்த வீட்டுப் போனும் ஊமையாகும். மண்சரிவு எச்சரிக்கை வரும் இரவுகளில் நடப்பதும் இதுவே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ, 1990 அம்புலன்சுக்கோ அழைக்க அந்தப் போனை மட்டும் நம்பி, வயதானவர்களைத் தனியே விடாதீர்கள். பெட்டியின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் அளவுக்குப் பொருந்தும், கரண்ட் போனாலும் பேட்டரியில் பெட்டியை ஓடவைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை வாங்கி வையுங்கள். பெரும்பாலும் அது 12 வோல்ட்டாக இருக்கும். கைப்பேசியிலும் சார்ஜ் இருக்கட்டும்.

கண்ணாடிக்கு இடி பாயாது என்பது உண்மைதான். ஆனால் போஸ்டிலிருந்து வரும் வயரைத் தாங்க, பெரும்பாலும் அதிலேயே ஓர் இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும். அடப்டரோ வீட்டுக் கரண்டில் செருகியிருக்கிறது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் வானம் இருண்டால், முதல் இடி கேட்பதற்கு முன்பே அடப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். யூபிஎஸ் இருந்தால் அதன் பிளக்கைக் கழற்றுங்கள், பெட்டி பேட்டரியில் ஓடட்டும்.