கியர் நாப் வாங்குமுன் கியர் ராடைப் பாருங்கள்

மேனுவல் கியர் கார் ஓட்டுகிறவர்களின் கை ஓயாமல் தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்கள் இரண்டு: ஒன்று ஸ்டியரிங், மற்றொன்று கியர் நாப். மதுரையில் காளவாசலில் கிளம்பிக் கோரிப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் அந்த நாபை எத்தனை முறை தள்ளினோம், எத்தனை முறை இழுத்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. கம்பெனி கொடுத்த நாப் சில ஆண்டுகளில் வியர்வை பட்டுப் பிசுபிசுத்து, மேல்தோல் உரிந்து, எண்களும் அழிந்துபோகும்போது புதிதாக ஒன்றைத் தேடுவது நியாயமான ஆசைதான். ஆனால் தேடிப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னும் நாபை முதலில் பார்க்கிறார்கள். அது உட்காரப்போகும் ராடு தங்கள் காரில் எப்படி இருக்கிறது என்பதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் கண்ட தவறுகளில் பல, இந்த வரிசை மாறியதால் வந்தவை.

என் முதல் நாபை நானும் அப்படித்தான் வாங்கினேன். எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்பட்ட அலுமினிய நாப் அது. ராடின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழலைச் செருகி, அதன்மேல் நாபைக் கவிழ்த்து, அடியில் உள்ள மூன்று சிறு திருகுகளை ஆலன் கீயால் முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. கடையில் பத்தே நிமிடத்தில் மாட்டித் தந்துவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துக் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போனோம். அந்தப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியருக்கு இறங்கியாக வேண்டும். பாதி மலை ஏறியிருந்தபோது, ஒரு வளைவின் நடுவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன். நாப் மட்டும் கையோடு வந்துவிட்டது, ராடு நியூட்ரலிலேயே நின்றுவிட்டது. வேகம் செத்து, வண்டி பின்னோக்கி உருளப்போன நேரத்தில் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். பின்னால் ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் இடைவெளி விட்டு ஓட்டியதால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மலை இறங்கும்வரை நாப் இல்லாத மொட்டை ராடைத் துண்டால் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

அந்த நாப் ஏன் கழன்றது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். மூன்று திருகுகளின் நுனிகளும் இரும்பு ராடைப் பிடிக்கவில்லை. நடுவில் இருந்த பிளாஸ்டிக் குழலைத்தான் பிடித்திருந்தன. வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாஸ்டிக் இளகும், இளகிய இடத்தில் திருகின் நுனி பள்ளம் பறிக்கும், எஞ்சினின் அதிர்வு மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே நான் அழுத்திச் சொல்லக்கூடிய முதல் செய்தி இதுதான்: உங்கள் கார் ராடின் தலையில் மரை இருந்தால், அந்த மரைக்கே நேராக ஏறும் நாபை மட்டுமே வாங்குங்கள். பக்கத் திருகுகளை நம்பி நிற்கும் நாபை மலைப்பாதைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மரை என்றதும் விட்டத்தை மட்டும் அளந்துகொண்டு வருவது அடுத்த தவறு. மரைக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று விட்டம், மற்றொன்று ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி, பட்டறை வழக்கில் பிட்ச். ஹோண்டா கார்களில் பரவலாக இருப்பது 10 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 பிட்சும், நிஸான் கார்களில் பரவலாக இருப்பது அதே 10 மில்லிமீட்டர், ஆனால் 1.25 பிட்ச், டொயோட்டா கார்களில் பரவலாக 12 மில்லிமீட்டர், 1.25 பிட்ச். முதல் இரண்டையும் வெறும் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஒன்றுக்கான நாபை மற்றொன்றில் ஏற்றினால் முதல் ஒன்றிரண்டு சுற்று சுகமாக ஏறும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தைச் சரியான பிடிமானம் என்று எண்ணிப் பலங்கொண்டு திருகுகிறவர்கள் நாபின் மரையோடு ராடின் மரையையும் அழித்துவிடுகிறார்கள். நாப் போனால் சில நூறு ரூபாயோடு போயிற்று. ராடின் மரை அழிந்தால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

இதைச் சோதிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பழைய நாபைக் கழற்றிவிட்டு, ஹார்டுவேர் கடையில் 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் சாதா நட்டுகளை ஒவ்வொன்று வாங்கி வந்து ராடின் மேல் விரலாலேயே சுற்றிப் பாருங்கள். சாதாரணமாகக் கிடைக்கும் நட்டுகளில் 8 மில்லிமீட்டருக்கு 1.25 பிட்சும், 10 மில்லிமீட்டருக்கு 1.5 பிட்சும் இருக்கும். 10 மில்லிமீட்டர் நட்டு விரலாலேயே நாலைந்து சுற்று தடையின்றி இறங்கினால் உங்கள் ராடு 1.5 பிட்ச், இரண்டு சுற்றில் இறுகினால் அது பிட்ச் குறைந்த நுண்மரை. அங்கேயே நிறுத்திவிட்டு 1.25 பிட்ச் நட்டைத் தேடி வாங்கிப் பாருங்கள். ஸ்பானரைத் தொடவே கூடாது.

எல்லாக் கார்களிலும் மரை இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் கார்கள் பலவற்றில் நாபும் அதன் கீழுள்ள தோலுறையும் ஒரே பாகமாக, வழவழப்பான ராடின் மேல் ஒரு வளையப் பட்டையால் இறுக்கப்பட்டிருக்கும். வேறு சில கார்களில் வெறுமனே அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும். இத்தகைய வண்டிகளுக்கு அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்ட நாபை வாங்குவதுதான் நல்லது. ராடை அறுத்து மரை போடுவது, போல்ட்டை வெல்டிங் வைத்து நீட்டுவது போன்ற யோசனைகளைப் பட்டறையில் யாராவது சொல்லக்கூடும். அவற்றை ஏற்க வேண்டாம். அறுத்த ராடு திரும்ப வளராது.

இனி ரிவர்ஸ் வளையத்துக்கு வருவோம். ஹூண்டாய், ரெனோ உள்ளிட்ட நிறுவனங்களின் பல கார்களில் நாபின் அடியில் ஒரு வளையம் இருக்கும். அதை விரலால் மேலே தூக்கினால்தான் ராடு ரிவர்ஸ் பக்கம் போகும். இந்தப் பூட்டு அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸின் இடம் முதல் கியருக்கு ஒட்டினாற்போல் இடது மேல்பக்கம். கோரிப்பாளையம் சிக்னலில் பச்சை விழும்போது உங்கள் பின் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி இரண்டு பைக்குகள், ஒரு ஆட்டோ, அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்த நொடியில் முதல் கியர் என்று நினைத்து ரிவர்ஸில் போட்டுக் கிளட்சை விட்டால் என்ன நடக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. புதிய நாப் பொருந்தவில்லை என்பதற்காக அந்த வளையத்தைக் கழற்றிவிடுகிறவர்களும், நிரந்தரமாகத் தூக்கிய நிலையிலேயே கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் பட்டை போட்டுக் கட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கழற்றினால் ரிவர்ஸ் விழாமலே போகலாம். கட்டினால் வேண்டாத நேரத்தில் விழலாம். அழகுக்காக வாங்கும் பொருள் ஒன்றுக்காக இந்தப் பூட்டை விட்டுக்கொடுப்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை. வளையம் உள்ள காருக்கு வளையத்தோடு ஒத்துப்போகும் நாப் கிடைக்காவிட்டால், பழைய நாபுக்குப் புதிய தோல் தைத்துப் போட்டுக்கொள்வதே சரி.

நாபின் தலையில் உள்ள எண் வரைபடத்தையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். ஆறு கியர் வரைபடம் அச்சிட்ட நாபை ஐந்து கியர் வண்டியில் மாட்டுவதும், ரிவர்ஸ் வலது கீழ்ப்பக்கம் உள்ள வண்டியில் இடது மேல்பக்கம் என்று காட்டும் நாபை மாட்டுவதும் நாம் நினைப்பதைவிட அதிகமாக நடக்கின்றன. நமக்குப் பழக்கம் இருக்கிறது, எண்ணைப் பார்த்தா கியர் போடுகிறோம் என்று கேட்கலாம். வண்டியைக் கழுவ எடுப்பவரும், அவசரத்துக்கு ஓட்ட வரும் மைத்துனரும், மண்டபத்து வாசலில் சாவி வாங்கி நிறுத்துகிறவரும் எண்ணைப் பார்த்துத்தான் போடுவார்கள்.

எடை பற்றிய பேச்சு இப்போது அதிகம். கனமான நாப் போட்டால் கியர் வெண்ணெயாக விழும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது: கையால் தள்ளிவிட்ட கனம் தன் உந்துவிசையாலேயே ராடை அடுத்த பள்ளத்துக்குள் கொண்டுபோகிறது, இடையில் தட்டுப்படும் சொரசொரப்பு கைக்குக் குறைவாகத் தெரிகிறது. ஆனால் எவ்வளவு கனம் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டி உருண்டை ஒன்றை எடுத்துக்கொண்டால், இரும்பில் அது ஏறத்தாழ 510 கிராம் இருக்கும், அலுமினியத்தில் ஏறத்தாழ 175 கிராம், அசிட்டால் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ 90 கிராம், தேக்கில் கடைந்தால் 40 கிராமைச் சற்றுத் தாண்டும். ஒரே அளவுள்ள உருண்டைக்குள் பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. அரை கிலோ இரும்பை ஒரு நீண்ட ராடின் உச்சியில் வைத்துக்கொண்டு, குழி விழுந்த கிராமத்துச் சாலையில் ஓட்டும்போது ஒவ்வொரு குழிக்கும் அது தானாக ஆடும். கியரைப் பிடித்து நிறுத்தும் உட்பகுதிகளோ, எஞ்சின் மவுண்ட்டுகளோ தேய்ந்த பழைய வண்டியில் அந்த ஆட்டம் கியரைக் கழற்றிவிடவும் கூடும். நன்றாக இருக்கும் வண்டிக்கு 200 கிராமை ஒட்டிய நாப் போதும் என்பது என் அனுபவம். அதற்குமேல் போக வேண்டுமானால் நண்பர் வண்டியில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

இதைவிட வருத்தம் தரும் தவறு, கியர் கடினமாக விழுகிறது என்பதற்கு மருந்தாகக் கன நாபை வாங்குவது. இரண்டாவது கியர் கறகறவென்று விழுகிறது என்றால் கியர் ஆயிலைப் பார்க்க வேண்டும், கிளட்ச் முழுமையாக விலகுகிறதா என்று பார்க்க வேண்டும், கியர் கேபிளின் இணைப்பில் உள்ள சிறு உறையான புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கனத்த நாப் அந்தக் கறகறப்பைக் கைக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவே. உள்ளே கியர்களின் பல்லும், கியர் மாறும்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோ வளையமும் தேய்வது தொடர்ந்துகொண்டே இருக்கும்.

மதுரைக்காரர்கள் எடையைவிட வெயிலைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். சித்திரைத் திருவிழாக் காலத்தில், வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில், நிழலில்லாத திடலில் காலை முதல் மதியம்வரை நின்ற காரின் கதவைத் திறந்தவர்களுக்கு உள்ளே என்ன சூடு இருக்கும் என்பது தெரியும். அந்தச் சூட்டில் தேக்கு நாபும் இரும்பு நாபும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனால் உலோகம் தன் சூட்டை உள்ளங்கைக்குள் சட்டென்று கடத்திவிடுவதால் அது மட்டும் சுடுகிறது. கனமான உலோகமாக இருந்தால் ஏசி போட்ட பிறகும் ஆற நேரமாகும். வெயிலில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் மரம், அசிட்டால், அல்லது தோல் சுற்றியது என்று வாங்குவது நல்லது. உலோகத்தின்மேல்தான் ஆசை என்றால் ஒரு துணி உறை போட்டு மூடிவைக்கலாம். கண்ணாடி உருண்டைபோல் ஒளி ஊடுருவும் நாப்களையும் வெயிலில் திறந்து வைக்காதீர்கள். உருண்டை வடிவம் பூதக்கண்ணாடியைப்போல வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும். அந்தப் புள்ளி சீட் துணியில் விழுந்தால் பொசுக்கும்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். நாப் உயர்ந்தால் கை நகரும் தூரம் கூடும், தேவைப்படும் பலம் குறையும். தாழ்ந்தால் இரண்டும் தலைகீழ். ராடு ஆடும் அச்சிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த கைப்பிடியை 2.5 சென்டிமீட்டர் இறக்கினால், கை நகரும் தூரம் பத்தில் ஒரு பங்கு குறையும், பலம் ஏறக்குறைய அதே அளவு கூடும். அடாப்டர் என்னும் இணைப்புத் துண்டை இடையில் வைத்து நாபை உயர்த்துகிறவர்கள் ஒன்று, மூன்று, ஐந்து ஆகிய கியர்களில் விரல் டேஷ்போர்டில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரியும் நாப்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு கியருக்கும் மடங்கி நிமிரும் ஒயரின் மேலுறை நாளடைவில் தேய்ந்துவிடும்.

மாட்டும்போது செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே. நாப் முழுதாக இறுகும்போது எண் வரைபடம் கோணலாக நிற்கும். அதை நேராக்க அரைச் சுற்று பின்னுக்குத் திருப்பி அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது மறுநாளே ஆடத் தொடங்கும். முதலில் ராடில் ஒரு லாக் நட்டை ஏற்றி, பிறகு நாபை ஏற்றி நேராக நிறுத்தி, லாக் நட்டை மேல்நோக்கி நாபின் அடிக்கு எதிராக முடுக்க வேண்டும். டெஃப்லான் டேப் சுற்றுவது இடைவெளியை நிரப்புமே தவிர நாபைப் பூட்டாது. மரைப் பசை போடுவதானால் நீல நிறத்தில் வரும் நடுத்தரப் பசையில் ஒரு சொட்டு போதும். சிவப்புப் பசை காய்ந்தால் சூடு காட்டித்தான் கழற்ற முடியும், அந்தச் சூட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாங்காது. பழைய நாபைக் கழற்றும்போது ஒரு கையால் ராடை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திருகும் விசை முழுவதும் கீழே உள்ள புஷ்களுக்குப் போகும். அழுத்தி ஏற்றப்பட்ட வகையை மேலே இழுக்கும்போது முகத்தை நேர்மேலே வைக்காதீர்கள். அது சட்டென்று விடுபட்டு மூக்கில் மோதும்.

புது நாப் மாட்டிய முதல் வாரம் தினமும் காலையில் வண்டியைக் கிளப்புமுன் ஒரு முறை முறுக்கிப் பார்த்துவிடுவேன். கழற்றிய பழைய நாபை, அதன் வளையம், பட்டை, திருகு எல்லாவற்றோடும் ஒரு பையில் போட்டு, ராடின் மரை அளவை அந்தப் பையின் மேலேயே எழுதி டிக்கியில் வைத்திருக்கிறேன்.