வெளிநாட்டுத் தொழிலாளிக்காகத் தொழிலாளர் துறையில் புகார் எழுதுவது எப்படி

கிள்ளான், காப்பார், ஷா ஆலாம் பக்கத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசராகவோ கிராணியாகவோ வேலை செய்கிற நம்மவர்கள் நிறையப் பேர். பக்கத்து மிஷினில் நிற்கிற நேப்பாளியோ, வங்காளதேசியோ, தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பியோ, "அண்ணே, ஓவர்டைம் காசு குறையுது" என்று முதலில் சொல்வது உங்களிடம்தான். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்காக இதை எழுதுகிறேன். பல வருஷம் சம்பளக் கணக்குப் பார்த்த கிராணி நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி வருகிறவர்களுக்குப் புகார் எழுதிக் கொடுக்கிறேன். இதில் சொல்வதெல்லாம் தீபகற்ப மலேசியாவுக்குத்தான். சபா, சரவாக்கில் தனிச் சட்டம்.

தொழிலாளர் துறை அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. 1955 வேலைச் சட்டப்படி முன்னறிவிப்பு இல்லாமலே உள்ளே வந்து சம்பளப் பதிவேட்டைக் கேட்கலாம். அந்தப் பதிவேடுகளை முதலாளி ஆறு வருஷம் வைத்திருக்க வேண்டும். ஆனால் அவர் எந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டுமே! "சம்பளம் சரியாகக் கொடுப்பதில்லை, கொடுமை செய்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால், அதிகாரி வந்து ஒரு ரவுண்டு போய்விட்டுத் திரும்பிவிடுவார். எந்த மாதம், எத்தனை மணி நேரம், எவ்வளவு குறைவு என்று எழுதினால் அவருக்குப் பிடி கிடைக்கிறது.

அதனால் முதல் வேலை ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பாட்டு இடைவேளை, ஓய்வு நாளில் வேலைக்கு வரச் சொன்னது யார் என்று அன்றன்றைக்கே தொழிலாளி தன் மொழியில் எழுதட்டும். நேப்பாளியில் இருந்தாலும் பரவாயில்லை, எண்கள் எல்லாருக்கும் புரியும். பஞ்ச் கார்டையும் சம்பளச் சீட்டையும் கைப்பேசியில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அன்றைக்கே அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். கைப்பேசி காணாமல் போவது இந்த விவகாரங்களில் அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது கணக்கு. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 65 வெள்ளி 38 சென். எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 8 வெள்ளி 17 சென். சாதாரண நாள் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 12 வெள்ளி 26 சென். ஒருவர் தினமும் நாலு மணி நேரம் வீதம் 22 நாள் செய்தால் 88 மணி நேரம் ஆகிறது. அவருக்கு வர வேண்டியது 1,078 வெள்ளி 88 சென். நிறையச் சம்பளச் சீட்டுகளில் அதே 88 மணி நேரத்துக்கு 718 வெள்ளி 96 சென்தான் இருக்கும். ஒன்றரை மடங்கைப் போடாமல் சாதாரண மணிக்கூலியையே போட்டிருப்பார்கள். மாதம் சுமார் 360 வெள்ளி போய்விடுகிறது. ஊரில் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு வந்தவனுக்கு அது வட்டிப் பணம். இந்தக் கணக்கை மாதவாரியாக ஒரே தாளில் எழுதி, புகாரின் முதல் பக்கமாக வையுங்கள்.

கூடவே இன்னும் சிலதைப் பாருங்கள். வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு. சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் பணம் வர வேண்டும். விடுதிக்கென்று சம்பளத்தில் பிடிக்க, தொழிலாளி எழுதிக் கேட்டிருக்க வேண்டும், துறையின் அனுமதியும் வேண்டும். லெவி, அதாவது வெளிநாட்டுத் தொழிலாளரை வைத்துக்கொள்ள அரசாங்கத்துக்குக் கட்டுகிற வரி, முதலாளி கட்ட வேண்டியது, 2018 முதல் அப்படித்தான். ஆனால் 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து சீட்டில் தெரிகிற இ.பி.எஃப். (சேமநிதி) இரண்டு விழுக்காடு முறையான பிடித்தம். முதலாளியும் அதே அளவு போட வேண்டும். அதைத் திருட்டு என்று புகாரில் எழுதிவிடாதீர்கள், மற்ற கணக்கின் நம்பகமும் போய்விடும்.

இனி விடுதி. சட்டம் 446 என்று அதிகாரிகள் சொல்வது 1990-இல் வந்தது. தோட்டத்து லயத்திலும் சுரங்கத்திலும் குடியிருந்தவர்களுக்கான சட்டம் அது. தோட்டத்தில் யார் இருந்தார்கள் என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஜூன் 1 முதல் அது தொழிற்சாலை விடுதிகளுக்கும் வந்தது. அதே வருஷம் நவம்பரில் மேரு கையுறைத் தொழிற்சாலை விடுதிகளில் கோவிட் ஆயிரக்கணக்கானோருக்குப் பரவியபோது, உள்ளே எப்படி நெருக்கி அடைத்திருந்தார்கள் என்று நாடே பார்த்தது. நம் தாத்தா பாட்டி லயத்தில் பட்டதை இன்னொரு நாட்டுப் பிள்ளைகள் படுவதைப் பார்த்துக்கொண்டு நம்மால் சும்மா இருக்க முடியாது.

ஒரே அறையில் பலர் படுக்கிற டார்மிட்டரி வகை விடுதியில் ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் படுக்கை இடம் வேண்டும், 15 பேருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். அளக்க டேப் இல்லையென்றால் தரை ஓடுகளை எண்ணச் சொல்லுங்கள். ஓரடி ஓடு நீளவாக்கில் 20, அகலவாக்கில் 16 என்றால் அறை கிட்டத்தட்ட 29.7 சதுர மீட்டர். அதில் ஒன்பது பேர் படுக்கலாம். பத்தாவது ஆளுக்கு இடமில்லை. அங்கே 16 பேர் படுத்தால் புகாரில் ஓட்டுக் கணக்கையும் கட்டில் எண்ணிக்கையையும் எழுதுங்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்ததும் இரவு ஷிப்டுக்காரர் அதே கட்டிலில் படுக்கிறாரா? அதையும் எழுதுங்கள். விடுதிக்குத் தொழிலாளர் துறையின் குடியிருப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. மிக முக்கியமாக, எந்த நேரத்தில் வந்தால் எல்லாரும் இருப்பார்கள் என்று குறிப்பிடுங்கள். சோதனை வருகிறது என்று தெரிந்ததும் பாதிப் பேரை லாரியில் ஏற்றி வேறு இடத்துக்கு அனுப்பிய தொழிற்சாலையை எனக்குத் தெரியும்.

கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். அடுத்தவர் கடப்பிதழை அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். கடப்பிதழைப் பிடித்து வைத்து, மிரட்டி, வேலையை விட்டுப் போக விடாமல் செய்தால் அது கட்டாய உழைப்பு வரைக்கும் போகும். 2023 முதல் வேலைச் சட்டத்திலேயே அதற்குத் தனிப் பிரிவு 90B இருக்கிறது. ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை. அப்படி நடந்திருந்தால் அந்தப் பிரிவின் எண்ணையே புகாரில் எழுதுங்கள்.

வேலையில் விபத்து என்றால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) தனி வழி. 2019 முதல் வெளிநாட்டவருக்கும் உண்டு. 48 மணி நேரத்துக்குள் முதலாளி தெரிவிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் நகலைத் தொழிலாளி கையில் வைத்திருக்கட்டும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படுகிற விஷயம். வெளிநாட்டவரின் வேலை பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டுப்பட்டது. புகார் கொடுத்தது தெரிந்ததும் பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால், வழக்கு முடியும்வரை தங்குவதற்குக் குடிநுழைவுத் துறையில் ஸ்பெஷல் பாஸ் வாங்க வேண்டும். மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் 100 வெள்ளி. அதை வைத்துக்கொண்டு வேலையும் செய்யக் கூடாது. நியாயம் கேட்டு வந்தவனைப் பட்டினி போடுகிற ஏற்பாடு இது, மாற்றியே ஆக வேண்டும். மாறும்வரைக்கும் நாம் செய்யக்கூடியது, ஆள் வேலையில் இருக்கும்போதே ஆதாரத்தைச் சேர்ப்பது. சோதனை கேட்டுப் போடுகிற புகாரைப் பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தொழிலாளர் புகார்களுக்காக 2021-இல் வந்த வொர்க்கிங் ஃபார் வொர்க்கர்ஸ் என்ற கைப்பேசிச் செயலியில் போடலாம், அந்த வட்டாரத் தொழிலாளர் அலுவலகத்திலும் நேரில் கொடுக்கலாம். ஓர் அறையில் இருக்கிற பலர் சேர்ந்து போட்டால் ஒருவரைத் தனியாகப் பிடிப்பது கஷ்டம்.

பணம் கேட்கிற வழக்கு வேறு. அதற்குப் பெயர் போட்டு, தொழிலாளியே தொழிலாளர் துறை நடத்துகிற தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். வக்கீல் தேவையில்லை. மொழி தெரியாதவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள். புகார் எண்ணை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். தீர்ப்பு பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 14 நாள் அவகாசம்.

விசாரணை நாளுக்கு முன்னால் மேலாளர் ஒரு உறையில் கொஞ்சம் பணமும், மலாயில் எழுதிய ஒரு தாளும் கொண்டு வருவார். "இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்று அந்தத் தாளில் இருக்கும். விடுதி வாசலில் வைத்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தொழிலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சமாதானமாகப் போவதில் தப்பில்லை. ஆனால் அது அதிகாரி முன்னால் நடக்கட்டும், தொகை பதிவில் ஏறட்டும், பணத்தை அங்கேயே எண்ணி வாங்கட்டும்.