இரண்டு நாள்தானே: சாரணர் வனமுகாமில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலிருந்து சாரணர் படையை அழைத்துக்கொண்டு சனி, ஞாயிறு இரு நாள்கள் காட்டுப்பக்கம் தங்கிவர விரும்புவோருக்கு அமிர்தி, ஏலகிரி, ஜமுனாமரத்தூர் என்று இடங்களுக்குக் குறைவில்லை. குறைவது ஆயத்தம்தான். ஒரு வார முகாமுக்கு மாதக்கணக்கில் திட்டமிடும் ஆசிரியரே வார இறுதி முகாம் என்றால் "இரண்டு நாள்தானே" என்று வெள்ளிக்கிழமை மாலைவரை ஒத்திப்போடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து கிளைத்தவை.

முதலாவது, அனுமதி. சுற்றுலாத் தலத்துக்குப் போவதும் காப்புக்காட்டுக்குள் இரவு தங்குவதும் ஒன்றல்ல. பின்னதற்கு வனத்துறையின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு விதிகள் இறுகியுள்ளன. அதிலும் ஜமுனாமரத்தூர் இருக்கும் ஜவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பெயர் போனது. அங்கே அரிவாளும் கயிறுமாக நுழையும் சிறுவர் கூட்டத்தை, மரம் வெட்ட வந்தவர்களோ என்ற சந்தேகத்திலிருந்து சீருடையே காப்பாற்றிவிடும் என்று நம்ப வேண்டாம். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திர எல்லைக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு என்பதால், சிறுவர்களை இரவு தங்கவைக்க அப்பகுதியைத் தேர்வதே தவறு.

இடத்தேர்வில் நேரும் பிழை இன்னும் ஆபத்தானது. தண்ணீர் எடுக்க வசதி என்று ஓடைப்படுகையின் மணல்மேட்டில் கூடாரம் அடிப்பார்கள். மணல் மெத்தென்று இருக்கும், தரையும் சமமாக இருக்கும்; ஓடையே அந்த மணலை அங்கே கொண்டுவந்து சேர்த்தது என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள். கோடை இடிமழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும், முகாமிட்ட இடத்தில் ஒரு துளிகூட விழாதபோதே, மலைமேல் பெய்த மழை காட்டாறாக இறங்கிவிடும். தெளிந்திருந்த நீர் திடீரெனக் கலங்கிச் சருகும் சுள்ளியும் மிதந்துவந்தால், பொருள்களைச் சேகரிக்க நிற்காமல் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பட்ட கிளைகள் தொங்கும் மரத்தடியும், மலைத்தேனீக் கூடு உள்ள பாறையடியும் கூடாரத்துக்கு ஆகாதவை. தேனீக் கூட்டுக்குக் கீழே அடுப்புப் புகை எழுந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இரவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டுவிரியன் இரவில் இரை தேடுவது. தரையில் படுத்துறங்குவோரே அதன் கடிக்கு அதிகம் ஆளாகிறார்கள். கடி வலிக்காமலும் போகலாம், பல்தடம் தெரியாமலும் போகலாம். ஆகவே விடிகாலையில் ஒரு சிறுவன் வயிற்றுவலி என்றோ, இமையைத் திறக்க முடியவில்லை என்றோ சொன்னால், நேற்றைய சாப்பாட்டைக் குறைசொல்லிக்கொண்டு இருப்பது பெருந்தவறு. சாரணர்களுக்கென்றே உரிய தவறு ஒன்றும் உண்டு. கழுத்தில் எப்போதும் ஸ்கார்ஃப் இருப்பதால், கடித்த இடத்துக்கு மேலே அதை இறுகக் கட்டக் கை தானாகப் போகும். கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய்வைத்து உறிஞ்சவும் கூடாது. எலும்பு முறிவுக்குக் கற்ற சிம்புக் கட்டைத் தளர்வாகப் போட்டு, கடிபட்ட கை அல்லது காலை அசையவிடாமல், நடக்கவும் விடாமல், விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. 108-ஐ மட்டும் நம்பிப் போகாமல், ஒரு வண்டியையும் ஓட்டுநரையும் இரவு முழுவதும் முகாமிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கூடாரத்துக்குள் தின்பண்டம் வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்; காலணியை உதறாமல் அணிவதும், டார்ச் இல்லாமல் ஒதுங்கப் போவதும் அவ்வாறே தவிர்க்க வேண்டியவை.

உணவில் பெரிய சிக்கல் இல்லை, ஆசைதான் சிக்கல். ஆம்பூர் பிரியாணி சமைக்கப்போவதாகச் சொல்லி, வேலூர் வெயிலில் பச்சைக் கறியை மூன்று மணி நேரம் பேருந்தில் கொண்டுபோனவர்களை அறிவேன். ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் ஒரு சாம்பாரும் இரு நாளுக்குத் தாராளம். ஓடைநீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆறவைத்தே குடிக்க வேண்டும். அது ஆற நேரமாகும் என்பதால், வழிநடைக்கும் முதல் நாள் மதியத்துக்கும் வேண்டிய குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துவர வேண்டும்.

பொறுப்பை எல்லாம் ஆசிரியரே சுமப்பது மற்றொரு தவறு. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 20 சிறுவர்களுடன் நடத்திய முதல் முகாமிலேயே அவர்களை அணிகளாகப் பிரித்தார். தலைகளை எண்ணுவதும் அணித்தலைவரின் வேலையே. முப்பது பேரை ஒருவர் எண்ணினால் பிழை நேரும், எட்டுப் பேரை எண்ணுவதில் நேராது.

கடைசித் தவறு ஞாயிறு மதியம், வீடு திரும்பும் அவசரத்தில் நேர்வது. கேம்ப் ஃபயர் மூட்ட அனுமதி பெற்றிருந்தால், அந்தத் தீயின்மேல் மண்ணைத் தள்ளிவிட்டுக் கிளம்புவார்கள். உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும். காய்ந்த மூங்கிலும் சருகும் நிறைந்த இக்காடுகளுக்கு அந்த ஒரு கங்கே போதும். தண்ணீர் ஊற்றி, கோலால் கிளறி, மறுபடியும் ஊற்றி, சாம்பலுக்கு அருகே புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்புத் தெரிந்தால் பேருந்து காத்திருக்கட்டும்.