லேவியராகமம் 19-ஐ வைத்துத் தினமும் பரிசுத்தத்தைப் பழகுவது எப்படி?

பரிசுத்தம் என்றதும் நம்மில் பலருக்கு உபவாசக் கூட்டமும் வெள்ளை உடையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் "பரிசுத்தராயிருங்கள்" என்று கர்த்தர் சொல்லும், வேதாகமத்தின் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தை முழுசாக வாசித்துப் பாருங்கள். கூலி, தராசு, கோள், அறுவடை, நரைத்த தலை என்று போகும். மொத்தம் 37 வசனம். இரவு ஜெபத்தில் இந்த அதிகாரத்தை வைத்துத்தான் என்னைச் சோதித்துப் பார்க்கிறேன்.

தேவையானவை: வேதாகமம், ஒரு சின்ன நோட்டு, பேனா. போனில் இருக்கும் வேதாகம ஆப் இதற்கு வேண்டாம் என்பேன். வசனம் தேடப் போய் வாட்ஸ்அப்பில் நின்றுவிடுவோம்.

படி 1: முதல் நாள் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு வசனம் போதும்.

படி 2: அந்த வசனத்தைக் கேள்வியாக மாற்றி நோட்டில் எழுதுங்கள். 16ஆம் வசனம் கோள் சொல்லித் திரியாதே என்கிறது. கேள்வி: "இன்று யாரைப் பற்றி, அவர் இல்லாத இடத்தில், என்ன பேசினேன்?" 35, 36 அளவையும் தராசையும் பற்றியவை. கடைக்காரருக்கு நேரடியாகவே பொருந்தும். அலுவலகம் போகிறவர் பயணப்படி பில்லை எடுத்துப் பார்க்கலாம். கேள்வியில் ஆளோ, இடமோ, காசோ கட்டாயம் வரவேண்டும். "இன்று அன்பாக இருந்தேனா?" என்று பொதுவாகக் கேட்டால், "ஏதோ இருந்தேன்" என்று மனசு சமாதானம் சொல்லிவிடும்.

படி 3: சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்யுங்கள். நான் ரொம்ப நாள் தட்டுத்தடுமாறியது இங்கேதான், அதுவும் 13ஆம் வசனத்தில். "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது." நாம் யாருக்கும் முதலாளி இல்லையே என்று தாண்டிப் போய்விடத் தோன்றும். நிதானமாக எண்ணிப் பாருங்கள். பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா, இஸ்திரி போடுகிறவர், மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் கேன் தூக்கி வருகிற தம்பி. "சில்லறை இல்லை, நாளைக்கு வாங்கிக்கோங்க" என்று எத்தனை முறை சொல்கிறோம்! காய்ச்சலில் படுத்த இரண்டு நாளுக்கும் கணக்குப் பார்த்துச் சம்பளத்தில் பிடிக்கிற வீடுகள் உண்டு. அதே வீட்டில் மாலையில் குடும்ப ஜெபமும் நடக்கும். பொழுதுபோகும் முன்னே கூலியைக் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதை நம்பி இருக்கிறான் என்று உபாகமம் 24:15 காரணத்தையும் சொல்கிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு (5:4).

"ஆண்டவரே, மன்னியும்" என்று ஜெபித்துவிட்டுப் படுத்தால் அந்த அக்காவின் பணம் நம் பர்சிலேயேதான் இருக்கும். அதனால் பெயரையும் தொகையையும் நோட்டில் எழுதி, அன்றிரவே கவரில் போட்டு வையுங்கள். காலையில் கொடுக்கும்போது, "இது உங்களுக்கு முன்னாலேயே தந்திருக்க வேண்டியது" என்று சொல்லிக் கொடுங்கள். இதைச் சொல்வதுதான் கஷ்டம். சொல்லாமல் கொடுத்தால் அவருக்குச் சேர வேண்டிய பணம் நம்முடைய தர்மமாகிவிடும். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு எல்லார் முன்னாலும் நின்று, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான் (லூக்கா 19:8).

படி 4: வாரம் ஒருமுறை நம்பிக்கையான ஒருவரோடு பேசுங்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகளிலேயே, போன கூடுகைக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன என்ற கேள்வி இருக்கிறது. சபையில் நம் வயதை ஒத்த ஒருவர் நல்லது. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் நாளடைவில் சண்டைக்குக் காரணமாகிவிடுகிறது.

பின்சேர்க்கை: 19ஆம் வசனம் இருவகை நூல் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்கிறதே, அதை என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அது இஸ்ரவேலருக்குக் கொடுத்த அடையாளம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பிறனில் அன்புகூருவதும் (18) கூலியும் புதிய ஏற்பாட்டில் திரும்பவும் சொல்லப்படுகின்றன, அவற்றை விட முடியாது.

இன்னொரு சகோதரி, நோட்டு எழுத ஆரம்பித்ததிலிருந்து குற்ற உணர்வில் தூக்கமே வருவதில்லை என்று எழுதியிருந்தார். அம்மா, நீங்கள் நோட்டைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். பாவத்தை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9-ஐ மட்டும் சத்தமாக வாசித்துவிட்டுத் தூங்குங்கள். போதகரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள்.

எந்த வசனத்தில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மாதக் கடைசி என்றால் 13, மற்ற நாட்களில் 16.