த்ரில்லர் ஓப்பனிங்: காது முன்னால், கேமரா பின்னால்

நான் ஒலிப்பதிவுக்காரன். குறும்படங்களுக்கு ஸ்பாட்டில் பூம் (நீளக் கம்பில் கட்டிய மைக்) பிடிப்பேன். எடிட் முடிந்ததும் உட்கார்ந்து, வசனமும் இசையும் தவிர்த்த மற்ற சத்தங்களுக்கான எஃபெக்ட்ஸ் ட்ராக்கும் போடுவேன். த்ரில்லர் எடுக்க வரும் தம்பிகள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுதான்: "அண்ணா, ஓப்பனிங்குக்கு திகிலா ஒரு மியூசிக் போட்டுடலாமா?" ஏன் வேண்டாம் என்கிறேன், அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு படத்தைப் பாருங்கள். ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்', 1958. முதல் ஷாட்டில் ஒருவன் கையில் வெடிகுண்டு, டைமரைத் திருகுகிறான். ஓடிப்போய், அங்கே நின்றுகொண்டிருக்கும் ஒரு காரின் டிக்கியில் அதை வைத்துவிட்டு மறைகிறான். ஒரு ஆணும் பெண்ணும் வந்து காரில் ஏறுகிறார்கள். கேமரா கிரேனில் எழும்பி, கூரைகளைத் தாண்டி, மெக்ஸிகோ எல்லை ஊரின் தெருவில் காருக்கு முன்னால் போகிறது. போலீஸ்காரர் காரை நிறுத்துகிறார், ஆட்டு மந்தை குறுக்கே வருகிறது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி பக்கத்திலேயே நடந்து போகிறது. கார் நெருங்குகிறது, விலகுகிறது, மறுபடி நெருங்குகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு கட்கூட, அதாவது வேறு ஷாட்டுக்கு மாறுவதுகூட, கிடையாது. கட் இல்லாததால் டைமரின் நேரமும் நம் நேரமும் ஒன்றாகவே ஓடுகின்றன. செக்போஸ்ட்டில் காரில் இருக்கும் பெண், தன் தலைக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்பதாகச் சொல்கிறாள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கார் ஃபிரேமை விட்டுப் போகிறது. ஜோடி முத்தமிட நெருங்கும்போது வெடிச்சத்தம் வருகிறது. அதற்கப்புறம்தான் எரியும் காருக்குக் கட் ஆகிறது.

இந்த ஷாட்டுக்கு இரண்டு ஒலி வடிவங்கள் இருக்கின்றன. 1958-இல் ஸ்டுடியோ வெளியிட்ட படத்தில் ஷாட் முழுக்க நடிகர், கலைஞர் பெயர்களின் எழுத்து ஓடும், ஹென்றி மான்சினியின் இசை அதிரும். வெல்ஸ் விரும்பியது அதுவல்ல. படத்தில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு 58 பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அதை வைத்து 1998-இல் எடிட்டரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் படத்தை மறுபடி தொகுத்தார். எழுத்தும் இல்லை, மேலே போட்ட இசையும் இல்லை. ஒவ்வொரு கிளப் வாசலைக் கடக்கும்போதும் உள்ளேயிருந்து ஒரு பாட்டு வருகிறது, போகிறது. காரின் ரேடியோ கிட்டே வருகிறது, தேய்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்து பாருங்கள், முடிந்தால் ஹெட்ஃபோனில். முதல் வடிவத்தில் இசை நம்மைப் பயப்படச் சொல்கிறது. இரண்டாவதில் ரேடியோ சத்தம் கூடினாலே வயிறு பிசைகிறது, ஏனென்றால் குண்டு கிட்டே வருகிறது. கார் கண்ணில் படாதபோதும் அது எங்கே இருக்கிறது என்று காது அளந்துகொண்டே இருக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: ஆபத்து எங்கே, எவ்வளவு தூரத்தில் என்பதை ஒலி சொல்லட்டும். அதைக் காட்டுவதற்குக் கேமரா அவசரப்பட வேண்டாம்.

சரி, கிரேன் இல்லாமல், ஒரு வாடகை வீட்டில், ஒரே ராத்திரியில் இதை எப்படிச் செய்வது? நான் வேலை செய்த ஒரு குறும்படத்தின் ஓப்பனிங்கையே சொல்கிறேன். ராத்திரி. ஹாலில் ஒரு அக்கா உட்கார்ந்து துணி மடிக்கிறாள். கரண்ட் போகிறது. கதைத்தாளில் இருந்தது அவ்வளவுதான். நான் முதலில் போட்ட ட்ராக்கில் முதல் ஃபிரேமிலிருந்தே அடிக்குரலில் ஒரு ட்ரோன், அதாவது விடாமல் நீளும் ஒரே ரீங்காரம், ஓடியது. திரையிட்டபோது யாரிடமும் ஒரு சலனமும் இல்லை. பயப்படும்படி ஒன்றும் நடப்பதற்கு முன்பே நான் பயத்தைச் சொல்லி முடித்துவிட்டேன். அந்தத் தப்பு என்னை ரொம்ப நாள் உறுத்தியது. அப்புறம் ட்ரோனை எடுத்துவிட்டு, வீட்டையே கேட்க ஆரம்பித்தேன்.

நம் வீடுகளில் ஃபேன் சத்தம் காதில் விழுவதே இல்லை. கரண்ட் போகும்போதுதான் அது இவ்வளவு நேரம் ஓடியது தெரியும். அதனால் ஷாட் தொடங்கும்போது ஃபேன், ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு டி.வி. சீரியல் மூன்றும் இருக்கட்டும். பார்ப்பவர் இவற்றுக்குப் பழக 20, 25 விநாடியாவது கொடுங்கள். அப்புறம் கரண்ட் போகிறது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்குகிறது. ஃபேன் இறக்கைகள் தளர்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று ஒரு சத்தம், இடைவெளி கூடிக்கொண்டே போய் நிற்கிறது. இப்போது கேளுங்கள்: பக்கத்து வீட்டு சீரியல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தெருவுக்கே கரண்ட் போகவில்லை, இந்த வீட்டுக்கு மட்டும்தான். வாசலில் இருக்கும் மெயின் ஸ்விட்சை யாரோ இறக்கியிருக்கிறார்கள். ஒரு வசனம் இல்லை, ஒரு நிழல்கூடக் காட்டவில்லை. மறுபடி திரையிட்டபோது அந்த இடத்தில் முன்வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்ததை நான் பார்த்தேன்.

இதைப் பதிவு செய்யும் முறை. ஷூட்டிங்கின்போது ஃபேனும் ஃபிரிட்ஜும் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வசனத்தைக் காப்பாற்ற முடியாது. ஃபேன் ஃபிரேமில் வராதபடி வைத்துக்கொள்ளுங்கள். ஷாட் முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு ரூம் டோன், அதாவது அந்த அறையின் வெறும் அமைதியை, ஒரு நிமிடம் எடுங்கள். பிறகு ஃபேனைப் போட்டு, அணைத்து, அது முழுசாக நிற்கும் வரை ரெக்கார்டரில் கை வைக்காதீர்கள். அந்தக் கடைசி நான்கு 'டக்' தான் உங்கள் பொக்கிஷம். பக்கத்து வீட்டு டி.வி.க்கு நிஜ சீரியலை எடுத்துப் போடாதீர்கள், உரிமைப் பிரச்சினை வரும். இரண்டு நண்பர்களை நான்கு வரி சண்டை போடவைத்துப் பதிவு செய்து, அதை ஒரு அறையில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, கதவைச் சாத்தி, அடுத்த அறையில் மைக் வைத்து மறுபடி எடுங்கள். சுவர் செய்யும் வேலையை எந்த ஃபில்டரும் அவ்வளவு சரியாகச் செய்யாது. வெல்ஸும் தன் குறிப்பில் இதே போல ஒன்றைக் கேட்டிருக்கிறார்: தெருவில் கேட்கும் இசையை மட்டமான ஒரு ஹார்ன் ஸ்பீக்கரில் வெளியே சந்தில் ஓடவிட்டு மறுபதிவு செய்ய வேண்டும் என்று.

இனி கேமரா. இந்தக் காட்சிக்கு அறை முழுக்கத் தெரியும் ஒரே வைட் ஷாட் போதும். அக்கா ஃபிரேமின் இடது பக்கம், வலது பக்கம் பாதி திறந்த கதவு. நடுவில் வெறும் தரை. கரண்ட் போனதும் படம் முழு இருட்டாகிவிடக் கூடாது, ஜன்னல் வழியாகத் தெரு விளக்கு கொஞ்சம் விழட்டும். தெருவில் கரண்ட் இருக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. அப்புறம் கேட் தாழ்ப்பாள் சத்தம். அவள் திரும்புகிறாள், கேமரா திரும்பக் கூடாது. கதவுக்குக் கட் பண்ண எடிட்டருக்குக் கை துறுதுறுக்கும். விடாதீர்கள். கட் பண்ணிக் காட்டிய கதவு வெறும் கதவு. காட்டாமல் விட்டால் பார்ப்பவர் தானாக ஃபிரேமின் வலது ஓரத்தைத் துழாவுவார்.

மெதுவாக உள்ளே நகர வேண்டுமானால், நகர்வதே தெரியாத வேகத்தில் நகருங்கள். கேமராவை உருட்டும் ட்ராலி கிடைக்காவிட்டால் 4கே-யில் எடுத்து, எடிட்டில் அரை நிமிடத்துக்குள் பத்து சதவீதம் பெரிதாக்கினாலே போதும். கேமராவைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டு புதர் மறைவிலிருந்து எடுப்பது இன்னொரு பழக்கம். அப்படி எடுத்தால் யாரோ ஒளிந்து பார்க்கிறான் என்றுதான் அர்த்தம். நிஜமாகவே கதையில் ஒருவன் பார்க்கிறானா? இல்லையென்றால் அந்த ஷாட் பொய். 'ஜாஸ்' (1975) தொடக்கத்தில் கேமரா கடலுக்கடியிலிருந்து, நீந்தும் பெண்ணை அண்ணாந்து பார்க்கிறது. சுறா கண்ணில் படவே இல்லை, ஆனால் அந்தப் பார்வை அதனுடையது.

ஆள் இல்லாத இடத்துக்கு ஒலியை அனுப்புவதையும் பழகுங்கள். ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'எம்' (1931), அவருடைய முதல் பேசும் படம். பள்ளியிலிருந்து மகள் வரவில்லை. அம்மா "எல்ஸி!" என்று கூப்பிடுகிறாள். அந்தக் குரல் ஆளில்லாத மாடிப்படி, துணி காயும் பரண், சாப்பாட்டு மேசையில் காலித் தட்டு என்று ஒவ்வொரு வெற்று ஷாட்டின் மேலும் விழுகிறது. அப்புறம் புல்லில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. குழந்தைக்கு என்ன ஆனது என்று அந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை.

எல்லா ஒலியையும் சேர்க்கும் மிக்ஸ் முடிந்ததும் ஒருமுறை ஃபோன் ஸ்பீக்கரில் கேளுங்கள். குறும்படத்தைப் பெரும்பாலும் அதில்தான் பார்ப்பார்கள். 40 ஹெர்ட்ஸ் மாதிரி அடிமட்ட உறுமலெல்லாம் அங்கே அடியோடு காணாமல் போகும். ஃபேனின் 'டக்', தாழ்ப்பாளின் உலோகச் சத்தம், பக்கத்து வீட்டுச் சண்டை மூன்றும் அதிலும் கேட்க வேண்டும்.

கடைசியாக நான் செய்வது, கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து, படத்தை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் ஓடவிடுவது. வீட்டில் எத்தனை பேர், கதவு எந்தப் பக்கம், வெளியே நிற்பது யார் என்று கேட்பேன். போன வாரம் ஒரு பெண் முதல் இரண்டுக்குப் பதில் சொன்னாள். மூன்றாவதற்கு, "ஒரு நிமிஷம், மறுபடி போடுங்க" என்றாள்.