அலையும் காட்டேரி மாயக்காரர் குலத்தைக் கதையில் கட்டுவது எப்படி

சரித்திரக் கற்பனையில் காட்டேரிக் குலம் ஒன்றை இறக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கறுப்பு அங்கி, கோட்டை, கூர்ப்பல் என்று தொடங்கிவிடுகிறார்கள். ஊர் ஊராகத் துரத்தப்படும், கண்கட்டு வித்தை தெரிந்த குலம் என்றால் வேலை வேறு இடத்தில் தொடங்கவேண்டும். அவர்கள் ஏன் ஓர் ஊரில் தங்கமுடியவில்லை? யார், எந்த அதிகாரத்தில் துரத்துகிறார்கள்? வித்தைக்கு என்னென்ன சாமான் வேண்டும்? மூன்றுக்கும் எண்ணிக்கையோடு பதில் சொல்ல முடிந்தால்தான் குலம் நிற்கும்.

களம்: 1718–1739 செர்பியா

இதைவிடத் தோதான களம் கிடைப்பது அரிது. 1718 பாசரோவிட்ஸ் உடன்படிக்கையில் பெல்கிரேடும் வட செர்பியாவும் துருக்கியரிடமிருந்து ஆஸ்திரியாவுக்கு வந்தன. 1739-இல் திரும்பிப் போயின. இடைப்பட்ட 21 ஆண்டுகளில், செத்தவன் எழுந்து வருவான் என்று நம்பும் கிராமமும், எதையும் அறிக்கை எழுதி மேலே அனுப்பும் வியன்னா நிர்வாகமும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன.

இரண்டு வழக்குகளை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது 1725, கிசிலியேவோ கிராமம். பீட்டர் பிளோகோயோவிட்ஸ் புதைக்கப்பட்டுப் பத்து வாரம் ஆன நிலையில், எட்டு நாளில் ஒன்பது பேர் சாகிறார்கள். செத்தவன் வந்து தன் செருப்பைக் கேட்டான் என்று மனைவி சொல்லிவிட்டு ஊரைவிட்டே போகிறாள். வட்டார அலுவலர் ஃப்ரோம்பால்ட், பெல்கிரேடு உத்தரவு வரும்வரை பொறுங்கள் என்கிறார். பொறுத்தால் ஊரையே காலி செய்வோம் என்கிறது கிராமம். அவர் பாதிரியாரோடு போய் நிற்க, பிணத்தைத் தோண்டி, ஆப்பு அடித்து, எரித்துவிடுகிறார்கள். பிறகு மேலிடத்துக்கு எழுதும்போது, இதில் தவறு இருந்தால் பயத்தில் புத்தி பேதலித்த கும்பலைச் சேரும், என்னையல்ல என்று முடிக்கிறார். உங்கள் கதையின் வில்லன் இப்படிப்பட்டவராக இருக்கட்டும். கையில் சிலுவை ஏந்திய வேட்டைக்காரனை ஏமாற்றுவது சுலபம். வேலை போய்விடுமோ என்று நடுங்கும் குமாஸ்தாவை ஏமாற்ற முடியாது.

இரண்டாவது 1731–32, மெத்வெஜா கிராமம். முதலில் வந்தவர் கொள்ளைநோய் மருத்துவர் கிளாசர். தொற்றுநோய் இல்லை, நோன்பும் பட்டினியும்தான் காரணம் என்றார். ஊர் ஒப்பவில்லை. பிறகு படை மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் வந்து, 1732 ஜனவரி 7-இல் கல்லறைகளைத் திறந்து, அழுகாத உடல்களை வரிசையாகப் பட்டியலிட்டார். எல்லாவற்றுக்கும் தொடக்கமாக ஊர் சொன்ன ஆள், சில ஆண்டுகளுக்கு முன் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்த அர்னோல்ட் பாவுலே. அவரைப் புதைத்த 40-ஆம் நாள் தோண்டி ஆப்பு அடித்திருந்தார்கள்.

தேதி போடும்போது பலர் இடறுவார்கள். அதிகாரிகள் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி, கிராமம் பழைய ஜூலியன். அந்த நூற்றாண்டில் வித்தியாசம் 11 நாள். ஃப்ளூக்கிங்கரின் ஜனவரி 7 கிராமத்துக்கு டிசம்பர் 27, அதாவது கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள். கிளாசர் நோன்பைக் குறை சொன்னதும் பொருத்தமே. அவர் வந்தது நோன்புக் காலத்தில். உங்கள் குலம் இந்த 11 நாள் இடுக்கில் ஒளியலாம்: ஒரே இரவுக்கு இரண்டு தேதி, இரண்டு சாட்சியம்.

பசிக் கணக்கு

அலைச்சலுக்குச் சாபம் தேவையில்லை, கணக்கே போதும். குலத்தில் ஒன்பது பேர் என்று வையுங்கள். ஒருவருக்கு மூன்று இரவுக்கு ஒருமுறை 450 மில்லி. அதாவது ஓர் இரவுக்கு மூன்று பேரிடம் எடுக்கவேண்டும். கிராமத்தில் வளர்ந்தவர்கள் 120 பேர் என்றால், ஆளுக்கு ஒருமுறை என்ற கணக்கில் 40 இரவு தாங்கும். வளர்ந்தவர் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம்தான் இருக்கிறது. இன்று இரத்ததானத்திலேயே ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி விடச் சொல்கிறார்கள், அதுவும் நன்றாகச் சாப்பிடுபவருக்கு. நோன்பிருக்கும் குடியானவரிடம் 41-ஆம் நாள் இரண்டாவது சுற்று தொடங்கினால் சோகை, மயக்கம், சாவு, பிறகு மண்வெட்டி. குலத்தை 40 பேராகப் பெருக்காதீர்கள். ஒன்பது நாளில் ஊர் தீர்ந்துவிடும், நம்பவும் முடியாது.

குலம் நகரும் வேகத்தை மாட்டுவண்டி முடிவு செய்யட்டும். மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள். கோடை இரவு சின்னது என்பதையும் மறக்கவேண்டாம்.

வெயில் பட்டால் சாம்பலாவதும் கண்ணாடியில் பிம்பம் விழாததும் பிற்காலச் சரக்கு. செர்பிய நாட்டார் நம்பிக்கையில் காட்டேரி என்பது ஊதிச் சிவந்த ஒரு குடியானவன். ஆப்புக்கு முள்மரக் கட்டை. சனிக்கிழமைதான் அது கல்லறையில் அசையாமல் கிடக்கும் நாள். தோண்டுவதற்கும் அதுவே தோது. சனிக்கிழமை பிறந்தவர்களுக்குக் காட்டேரியைக் காணும் கண் உண்டு என்பார்கள். சனிப்பிணம் தனிப்போகாது என்று வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடும். குலத்தின் வித்தையை உடைக்க இந்தக் கண்ணே போதும்: பார்வையாளர் கூட்டத்தில் ஒரு சனிக்கிழமைப் பிள்ளை.

தமிழில் எழுதும்போது இன்னொரு எச்சரிக்கை. காட்டேரியம்மன் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம். வசதிக்காக 'காட்டேரி' என்று எழுதலாம். அம்மனின் வழிபாட்டையும் கதைகளையும் இந்த இரத்தம் குடிப்பவர்கள் மேல் ஏற்றிவிடக் கூடாது.

வித்தை: மாய லாந்தர்

மந்திரத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள்: கண்ணாடியில் தீட்டிய உருவத்தை அசைய வைப்பது. வெளிச்சம் விளக்கிலிருந்துதான் வரவேண்டும். விளக்கு அணைந்தால் வித்தையும் போச்சு.

மாய லாந்தர் 1659-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் கையில் உருவானது. உறுப்புகள்: தகரப்பெட்டி, புகைபோக்கி, எண்ணெய் விளக்கு, அதன் பின்னால் குழியாடி, முன்னால் வெளிச்சத்தைக் குவிக்கும் வில்லை, படம் தீட்டிய கண்ணாடி, கடைசியில் குழாய்க்குள் நகரும் முன்வில்லை. படத்தைத் தலைகீழாகச் சொருகவேண்டும். உருவத்தைச் சுற்றி மிச்சக் கண்ணாடி முழுவதும் விளக்குக்கரியால் கறுப்படிக்கவேண்டும். இல்லாவிட்டால் பேயோடு சேர்ந்து ஒரு வெள்ளை வட்டமும் சுவரில் விழும்.

முன்வில்லையின் குவியத்தூரம் 15 செ.மீ., கண்ணாடியில் உருவத்தின் உயரம் 6 செ.மீ. என்று கொள்வோம். திரைக்கு 3 மீட்டர் தள்ளி வைத்தால் உருவம் 19 மடங்கு, 114 செ.மீ. ஒரு மீட்டரில் வைத்தால் 34 செ.மீ.தான். ஈரத்துணிக்குப் பின்னாலிருந்து காட்டிக்கொண்டே லாந்தரைப் பின்னுக்கு இழுத்தால், முன்னால் இருப்பவர்களுக்குப் பேய் தங்களை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் தெரியும். பாரிஸில் ராபர்ட்சன் இதைக் காட்டிக் காசு பார்த்தது 1798-க்குப் பிறகு. 70 ஆண்டு முன்பே உங்கள் குலத்துக்குத் தெரிந்திருந்தால் அதுவே அவர்கள் உயிரைக் கொடுத்துக் காக்கும் தொழில் ரகசியம்.

சொதப்பும் இடங்கள் நிறைய. லாந்தர் 1 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்குப் போகும்போது முன்வில்லையை ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் உள்ளே தள்ளவேண்டும். தள்ளும் கை தாமதித்தால் பேய் மங்கிக் கரைந்துவிடும். இந்த நகர்வில் அதே வெளிச்சம் 11 மடங்கு பரப்பில் பரவுவதால், பேய் நெருங்க நெருங்க வெளிறும். அதனால் சிறிய உருவத்தின்போது வில்லையை விரலால் பாதி மறைத்து, இழுக்க இழுக்கத் திறக்கவேண்டும். பிரகாசமான ஆர்கண்ட் விளக்கு 1780 வாக்கில்தான் வருகிறது. அதற்கு முன் நிலாவெளிச்சம் எட்டிப்பார்த்தாலே காட்சி படுத்துவிடும். கொழுப்பெரித்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும்.

பனிக்காலத்தில் இன்னொரு வம்பு. குளிர்ந்த வில்லையை ஆள் நிறைந்த கொட்டகைக்குள் கொண்டுவந்தால் மூச்சுக்காற்றில் ஆவி படிந்துவிடும். மனிதர்கள் சட்டைக்குள் வைத்து உடல்சூட்டில் காயவைப்பார்கள். காட்டேரிக்கு ஏது உடல்சூடு? ஆக, குலத்தோடு உயிருள்ள ஓர் ஆளாவது அலையவேண்டும், நெஞ்சோடு வில்லையை அணைத்துக்கொண்டு. ஒன்பது பசித்தவர்கள் தொடவே கூடாத ஒரே உடம்பு அது. இந்த ஆளைக் கதையின் நடுவில் வைக்காமல் விடுவது பாவம்.

குலத்துக்கு வெளித்தோற்றம் வேண்டுமே. ஆல்ப்ஸ் மலையின் சவாய்க்காரர்கள் முதுகில் லாந்தர்ப் பெட்டியோடு ஐரோப்பா முழுக்க நடந்து காட்சி காட்டிய காலம் அது. அந்த வேடம் போதும்.

ரோமா மக்களை முகமூடியாக்காதீர்கள்

மேற்கத்தியக் கதைகளிலும் விளையாட்டுகளிலும் 'அலையும் மாயக்காரக் காட்டேரிகள்' என்றால் ரோமா மக்களின் சாயலில் திருட்டும் வஞ்சகமும் உள்ள ஒரு கூட்டத்தைப் போட்டுவிடுவது பழைய சோம்பேறித்தனம். ஃப்ளூக்கிங்கர் அறிக்கையைப் பாருங்கள்: காட்டேரி என்று முடிவான பிணங்களின் தலையை வெட்டி எரிக்கும் வேலையை உள்ளூர் ரோமாக்களிடம்தான் தள்ளினார்கள், சாம்பல் மொராவா ஆற்றில் போனது. அவர்கள் பட்ட துன்பமும் கற்பனையல்ல. 1749 ஜூலையில் ஸ்பெயின் அவர்களை நாடு முழுக்க வளைத்துப் பிடித்தது. ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா ரோமாக்களின் குழந்தைகளைப் பிரித்து வேறு வீடுகளில் வளர்க்க உத்தரவிட்டார். உண்மையாகவே இரத்தம் குடிக்கும் ஒரு கூட்டத்துக்கு இந்த வரலாற்றைக் கடன் கொடுத்தால், துரத்தியவர்கள் செய்தது சரி என்றாகிவிடும். ரோமா பாத்திரம் வேண்டுமென்றால் கோடாலி பிடிக்க வற்புறுத்தப்பட்டவராக வரட்டும். எது நிஜப் பிணம், எது குலத்தின் பொய்ப் பிணம் என்று அவருக்குத்தான் முதலில் தெரியும்.

தப்பிக்கும் வழியும் அடைபடும் இடமும்

குலத்தின் ஆகச் சிறந்த மாயம் லாந்தரே தேவைப்படாதது: ஊர் தேடும் காட்டேரியை ஊருக்கே கொடுத்துவிடுவது. அண்மையில் புதைத்த எந்தப் பிணமும் ஒத்துழைக்கும். வாயு நிறைந்து வயிறு ஊதும், வாயோரம் சிவப்புத் திரவம் கசியும், மேல்தோல் உரிந்து அடியில் புதுத்தோல் போலத் தெரியும், ஆப்பு இறங்கும்போது வாயு தொண்டை வழியே வெளியேறி முனகும். பாவுலே முனகியதாக அறிக்கையிலேயே இருக்கிறது. குலம் செய்யவேண்டியது, இறந்தவரின் முகத்தை முந்தின இரவு கொட்டகைச் சுவரில் ஒரு நிமிஷம் காட்டுவது மட்டும்.

இந்த வழி 1755-இல் அடைபடும். ஹெர்மர்ஸ்டோர்ஃப் கிராமத்தில் ரோசினா பொலாக்கின் என்ற பெண்ணின் உடலைத் தோண்டி எரித்ததும், மரியா தெரேசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனின் அறிக்கையைக் கேட்டு, அரசு அனுமதியில்லாமல் பிணம் தோண்டக்கூடாது என்று தடுத்தார். அதற்குப் பிறகு குலத்தைக் காட்டேரி என்று யாரும் பிடிக்கமாட்டார்கள். மோசடிக்காரர்கள் என்று பிடிப்பார்கள். தலைமுறை தாண்டும் கதையென்றால் இங்கே ஒரு பாகத்தை முடியுங்கள்.

எல்லை தாண்டும் காட்சி கட்டாயம் வேண்டும். 1739-க்குப் பிறகு சாவா, டான்யூப் ஆறுகளே எல்லை; ஆஸ்திரியக் கரையில், செமுன் ஊரில், பயணிகளை அடைத்துவைக்கும் நோய்த்தடுப்பு நிலையம். 1770 விதிப்படி கொள்ளைநோய்ச் செய்தி இல்லாத காலத்தில் 21 நாள், சந்தேகமிருந்தால் 42, நோய் உறுதியானால் 84 நாள் அடைப்பு. கடிதங்களுக்குக்கூடப் புகை போடுவார்கள். பசிக் கணக்கை இங்கே மறுபடி போடுங்கள்: ஒன்பது வாய், 21 இரவு, சுற்றிலும் எண்ணி வைத்த சில பயணிகள். துணிகளை நோய் ஒட்டும் சாமான் என்று ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் காற்றாடப் போடுவார்கள். காவலாள் மூட்டையின் அடியிலிருந்து திரைத்துணியை இழுத்து, வெயிலில் விரித்துப் பிடித்து, மறுபக்கத்தில் நிற்பவரின் நிழல் இதில் ஏன் இவ்வளவு தெளிவாக விழுகிறது என்று கேட்கட்டும்.