பருப்பு வேகும் தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை

நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்த புதிது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் முன்பற்களில் பழுப்புக் கோடுகளைப் பார்த்து, "பல் துலக்குவதே இல்லையா?" என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி திட்டிவிட்டேன். அதன் பிறகு ஒரு சிறுமி வாயைக் கையால் மூடிக்கொள்ளாமல் என்னிடம் பேசியதே இல்லை. அது அழுக்கு இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது, பல் ஈறுக்குள் உருவாகும்போதே படிந்த கறை என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளை செய்த குற்றம், வீட்டில் கொடுத்த தண்ணீரைக் குடித்ததுதான்.

தருமபுரியிலும், 2004இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரியிலும் நிலத்தடி நீரில், இந்தக் கறையை உண்டாக்கும் ஃப்ளோரைடு என்னும் உப்பு அதிகம் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் அந்தச் செய்தியை அறிந்தவர்களே நாள்தோறும் செய்யும் தவறுகள் ஏராளம். இத்தனை ஆண்டுகளில் நான் வீடு வீடாகப் பார்த்தவற்றை எழுதுகிறேன்.

நாக்கை நம்புவது

நம் ஊரில் தண்ணீர் இரண்டே வகை. ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று உப்புத் தண்ணீர். நாக்கு கரிக்கவில்லை, சோப்பு நுரைக்கிறது, துவரம்பருப்பு குழைய வேகிறது என்றால் அது நல்ல தண்ணீர். தலைமுறை தலைமுறையாக இதுதான் நம் சோதனை. உப்பைக் கண்டுபிடிக்க இது போதும். ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, நாக்குக்குத் தெரியும் சுவையும் இல்லை.

இதில் கொடுமை ஒன்று உண்டு. சுண்ணாம்புச் சத்து நிறைந்த தண்ணீரில் ஃப்ளோரைடு ஓரளவுக்கு மேல் கரைந்து நிற்காது. கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில்தான் அது தாராளமாகக் கரையும். அந்த மாதிரித் தண்ணீரில்தான் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பும் வேகும். ஆக, நம் பாட்டிமார் வகுத்த சோதனையில் முதல் மதிப்பெண் வாங்கும் தண்ணீரே சில இடங்களில் எலும்பைக் கெடுக்கும் தண்ணீராக இருக்கிறது. அதற்காகக் கடினத் தண்ணீரெல்லாம் பாதுகாப்பானது என்று திருப்பிப் போட்டுக் கொள்ளவும் கூடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கும் கிணறுகளும் நம் மாவட்டங்களில் உண்டு.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே கிடையாது என்ற நிலையில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதுக் குழந்தைகளுக்குக் கறை வரும். இன்னும் மிகுந்த அளவில் ஆண்டுக்கணக்காகக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

ஆழம் போனால் சுத்தம் என்பது

"முந்நூறு அடியில் வந்த தண்ணீர் சரியில்லை, ஆயிரம் அடி போட்டேன், இனி கவலையில்லை" என்று ஒரு விவசாயி என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஆழத்துக்குப் போகப்போகக் கிருமி குறையலாம். ஃப்ளோரைடு குறையும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நம் காலடியில் இருப்பவை நைஸ், கிரானைட், சார்னோக்கைட் என்னும் பழம்பாறைகள். இவற்றில் கறுப்பு மைக்கா, அபடைட், ஃப்ளோர்ஸ்பார் போன்ற கனிமங்கள் கலந்திருக்கின்றன. ஃப்ளோரைடு வருவது இவற்றிலிருந்துதான். பாறை இடுக்குகளில் தண்ணீர் எத்தனை காலம் தங்குகிறதோ அத்தனைக்கு அது கரைந்து சேரும். மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சி முடித்துவிட்டு ஆழத்துக்குப் போகிறவர், நெடுங்காலம் பாறையோடு ஊறிக் கிடந்த தண்ணீரைத்தான் மேலே கொண்டுவருகிறார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பரிசோதனைச் சீட்டை வைத்து நிம்மதி அடைவதும் தவறுதான். பாறை நிலத்தில் தண்ணீர் வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. உங்கள் போர் ஒரு வெடிப்பில் இருக்கும், அவருடையது வேறொன்றில் இருக்கும். நூறு அடி தூரத்தில் அளவு மாறிவிடலாம்.

காய்ச்சுவது, மீட்டர் வைப்பது, கருவி வாங்குவது

கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் தாய்மார், "காய்ச்சித்தான் கொடுக்கிறேன் ஐயா" என்பார்கள். கிருமிக்கு அது சரி. ஃப்ளோரைடு கொதியில் ஆவியாகாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடும். பாதிக்குப் பாதி சுண்டக் காய்ச்சினால் இரண்டு மடங்காகும். உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டுக்கும் இதே கதைதான். முதல் எட்டு ஆண்டுகள்தான் நிலைப்பற்கள் உருவாகும் காலம் என்பதால், கைக்குழந்தைக்கு எந்தத் தண்ணீர் என்ற கேள்வியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டும்.

அடுத்தது டி.டி.எஸ். மீட்டர். பேனா போன்ற அந்தக் கருவியைத் தண்ணீரில் நனைத்து, "300தான் காட்டுகிறது, அருமையான தண்ணீர்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது அளப்பது தண்ணீரின் மின்கடத்தும் தன்மையை. அதிலிருந்து கரைந்த உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டுகிறது. அந்த 300 மில்லிகிராமில் 3 மில்லிகிராம் ஃப்ளோரைடாக இருந்தால் அதைப் பிரித்துக் காட்ட அந்தக் கருவியால் முடியாது. ஆனால் அந்த 3தான் உங்கள் பிள்ளையின் பல்லைத் தின்னும்.

வாசலில் வந்து இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு, மின்சாரம் பாய்ச்சி, செம்மண் நிறக் கசடு திரள்வதைக் காட்டி, "இதைத்தான் குடிக்கிறீர்கள்" என்று பயமுறுத்தும் விற்பனையாளர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கசடில் பெரும்பகுதி அவர்கள் கொண்டுவந்த இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்பு அதிகம் உள்ள தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், துருவும் அதிகம் வரும், அவ்வளவுதான். பயத்தில் ஒரு கூலிக்குடும்பம் கடன் வாங்கிக் கருவி வாங்கியதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர்கள் வாங்கியது புற ஊதா விளக்குள்ள கருவி. அது கிருமியைக் கொல்லும். ஃப்ளோரைடை ஒன்றும் செய்யாது. கரி வடிகட்டியும் மெழுகுத்திரி வடிவ வடிகட்டியும் அப்படியே. ஆர்.ஓ. சவ்வும், ஆக்டிவேட்டட் அலுமினா என்னும் உறிஞ்சுபொருளும்தான் ஃப்ளோரைடைக் குறைக்கும் வழிகளில் முக்கியமானவை. நாக்பூரிலுள்ள நீரி என்னும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைப்பார்கள். எதுவானாலும் பராமரிப்பு வேண்டும். அலுமினா தன் கொள்ளளவு தீர்ந்ததும் சத்தமில்லாமல் ஃப்ளோரைடை அப்படியே வெளியே விடும். பார்வைக்குத் தண்ணீர் மாறாது.

ஆர்.ஓ. கழிவுநீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போன ஃப்ளோரைடு எங்கும் மறைந்துவிடுவதில்லை, கழிவுநீரில் செறிந்து வெளியே வருகிறது. அதைப் பழைய கிணற்றிலோ குழியிலோ விட்டால் சுற்றிச் சுற்றி நம் போருக்கே வரும். மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது அதைவிட மோசம். ஃப்ளோரைடு மிகுவதால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் ஃப்ளோரோசிஸ் நோய் கால்நடைகளுக்கும் வரும். கழிப்பறை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

குடிக்க மட்டும் காவிரி, களிக்கு போர்

எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது இதுதான். ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃப்ளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானின் ஜைக்கா நிறுவனக் கடனோடு, சுமார் 1,929 கோடி ரூபாயில் உருவானது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. இரண்டு மாவட்ட மக்களும் நெடுங்காலம் கேட்டு வாங்கிய காவிரித் தண்ணீர். அது வீட்டு வாசல் வரை வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம்?

ஒரு மூதாட்டி காவிரித் தண்ணீரைக் குடத்தில் மூடி, தனியே துணி கட்டி வைத்திருந்தார். குடிப்பதற்கு மட்டும் அது. ராகிக் களி கிண்டவும், சோறு பொங்கவும், குழம்பு கூட்டவும் போர்த் தண்ணீர். "சமைத்தால் எல்லாம் வெந்துவிடுமே, ஐயா" என்றார். களி எவ்வளவு தண்ணீர் வாங்கும் என்பது கிண்டியவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு முழுவதும் உருண்டைக்குள்தான் இருக்கிறது. கூழ், ரசம், கஞ்சி, தேநீர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தேயிலையிலேயே ஃப்ளோரைடு உண்டு என்பதால் கடும் தேநீர் பலமுறை குடிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். துணி துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவ போர்த் தண்ணீரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். வாய் வழியே போகும் எதற்கும் வேண்டாம்.

இன்னொரு தவறு ஊரளவில் நடக்கிறது. காவிரித் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி, ஒரே குழாயில் விடுகிறார்கள். தண்ணீர் பற்றாத கோடையில் இது நடப்பதற்குக் காரணம் புரிகிறது. ஆனால் எந்த விகிதத்தில் கலந்தது, கலந்த பின் ஃப்ளோரைடு எவ்வளவு என்று அளக்காமல் விட்டால், அத்தனை கோடி செலவிட்டுக் கொண்டுவந்த தண்ணீரின் பயன் தொட்டியிலேயே கரைந்துவிடுகிறது. இரண்டையும் நேரம் பிரித்து விடுவதற்கோ, குடிநீருக்குத் தனிக் குழாய் போடுவதற்கோ பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

களியைக் குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். கால்சியமும் வைட்டமின் சியும் போதிய அளவு கிடைக்கும் உடலில் ஃப்ளோரைடின் தாக்கம் குறைகிறது. ராகி, முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய் எல்லாம் நம் மண்ணிலேயே கிடைக்கும் துணைகள். சரியான தண்ணீரில் கிண்டிய களி நம் பிள்ளைகளுக்கு மருந்து மாதிரி.

மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கும்போது தண்ணீரைப் பற்றிக் கேட்காமலிருப்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா, முகவாயை மார்பில் பதிக்க முடிகிறதா, இரு கைகளையும் பிடரியில் கோக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் காரணம் வேறாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் காட்டி, எந்த ஊர், எந்தத் தண்ணீர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலும்பில் ஏறி முற்றிய பாதிப்பை முழுவதும் மாற்ற மருந்து கிடையாது. தண்ணீரை மாற்றி, மேலும் ஏறாமல் நிறுத்தலாம்.

பாறை தந்ததோடு நாம் சேர்ப்பது

ஃப்ளோரைடு பாறை கொடுத்தது. நைட்ரேட்டும் கிருமியும் நாம் கொடுப்பவை. அடித்தளம் போடாத கழிவறைக் குழியை போருக்குப் பத்தடியில் வெட்டுகிறோம். எருக்குழியை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் வைக்கிறோம். தக்காளிக்கும் பூச்செடிக்கும் பயிர் கேட்பதைவிட யூரியாவை அள்ளிப் போடுகிறோம்; வேர் எடுத்துக்கொள்ளாதது நைட்ரேட்டாகக் கீழே இறங்குகிறது. குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். மீறினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். மணல் நிலத்தைப் போலப் பாறை வெடிப்பு வடிகட்டாது, கழிவை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கழிவறைக் குழிக்கும் கிணற்றுக்கும் அறுபது அடி இடைவெளியாவது வேண்டும் என்பேன். சரிவில் மேல்பக்கம் கிணறு, கீழ்ப்பக்கம் குழி.

வற்றிய கிணறுகளைக் குப்பைத் தொட்டியாக்கும் வழக்கத்தை எந்தச் சொல்லால் கண்டிப்பது என்று தெரியவில்லை. மாங்காய்க் கழிவு, கோழிக் கழிவு, மருந்துப் புட்டிகள் எல்லாம் அதில் விழுகின்றன. அந்தக் கிணறு நிலத்தடி நீருக்குத் திறந்திருக்கும் வாய். ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்க வரும்போது மேலே உள்ள பெங்களூருவைக் குறை சொல்கிறோம், அதில் நியாயமும் இருக்கிறது. நம் கிணற்றில் நாம் கொட்டுவதற்கு யாரைச் சொல்வது?

நல்ல எண்ணத்தில் நடக்கும் தவறும் ஒன்று உண்டு. மழைநீரைச் சேமிக்கிறோம் என்று வயல் நீரையும் தெருச் சாக்கடையையும் பழைய போருக்குள் நேராகத் திருப்பிவிடுகிறார்கள். பூச்சிமருந்து கரைந்த தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே பாறைக்குள் போய்விடும். கூரைத் தண்ணீரை மட்டும், முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாக விடுங்கள். ஏரியும் தடுப்பணையும் நிரம்பினால் பக்கத்துக் கிணறுகளில் புதுத் தண்ணீர் கலந்து ஃப்ளோரைடு நீர்த்துப்போகும். ஆகவே ஏரி வரத்துக் கால்வாயை ஆக்கிரமிப்பதும் தண்ணீரைக் கெடுக்கும் வேலைதான்.

மழைநீரில் ஃப்ளோரைடு இல்லை என்றே சொல்லலாம். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 25 லிட்டர் என்றால், 200 நாட்களுக்கு 5,000 லிட்டர் போதும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழைக்கே 900 லிட்டருக்கு மேல் விழும். வெளிச்சம் புகாத தொட்டி ஒன்று கட்டினால் குழாய் வராத நாட்களைப் பற்றிக் கவலையில்லை. கிருமிக்காக அதைக் காய்ச்சிக் குடியுங்கள்.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் தண்ணீரைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம். மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் ஊரில் அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். கண்ணாடிப் புட்டி வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். சுத்தமான பிளாஸ்டிக் புட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். கிணற்றின் இடம், ஆழம், தேதி மூன்றையும் ஒட்டி எழுதுங்கள். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறை எடுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டி வேறு.

உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று தமிழகத்தில் கிராம சபை கூடுகிறது. இந்த முறை போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். நம் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு? கடைசியாக எந்தத் தேதியில் அளந்தார்கள்? அங்கன்வாடியில் குழந்தைகளுக்குச் சமைப்பது எந்தத் தண்ணீரில்?